இணைக்கவா?

இடதுகரையில் கவரேஜ் வருவது
மூன்றாம் துருசுக்கு மேலே மட்டும்.
அணைக்கட்டில் பைக்கை நிறுத்தி
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
ரப்பை வானத்துக்குக் காட்டியபடி நிற்பேன்.
மாடு சாய்த்துப் போன பொடியன் கேட்டான்:
"அக்கா, மழை கேக்கிறியளோ?"

இன்றைக்கு நான் கொண்டு ஏறியது ஒரு பிள்ளையை.
கேதுசன். வயது ஒன்பது.
பிறந்தபோது அழப் பிந்தியவன்.
நிமிர்த்திப் பிடித்தால் கால்கள்
கத்தரிக்கோலாய் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.
சிரிப்பு மட்டும் எந்தப் பக்கமும் இறுகவில்லை.

நிறை: இருபத்தொரு கிலோ.
போன தரத்தைவிட இரண்டு கூட.
பச்சை அம்புக்குறி மேலே போகிறது,
சத்துணவு மிஸ் சந்தோசப்படுவா.
அந்த இரண்டு கிலோவையும் சேர்த்து
பஸ்ஸில் ஏற்றுகிறவள் தவரூபி.
அவளுடைய முதுகுக்கு
இந்தச் செயலியில் பெட்டி இல்லை.

தவணைக்கு வராத காரணம்:
தூரம். பணம். நோய். விருப்பமின்மை. மற்றவை.
ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது.
காலையில் அவளிடம் கேட்டேன்.
அரிசி புடைக்கிறதை நிறுத்தாமல் சொன்னாள்:
"எந்தத் தவணை, மிஸ்?
திங்கள் மாங்குளம், காலுக்கு.
புதன் வவுனியா, பேச்சுக்கு.
வெள்ளி யாழ்ப்பாணம், சப்பாத்து அளக்க.
மூண்டு இடத்திலயும் முதல் கேக்கிறது
போன முறை ஏன் வரேல்லை எண்டு.
ஒருத்தரும் மற்றவையைக் கேக்கிறேல்லை."

பெயரைத் தேடினேன்.
மூன்று பேர் வந்தார்கள்.
கேதுசன். கேதுஷன். ஹேதுசன்.
மூன்று இலக்கம், மூன்று கோவை.
ஒருவன் ஆவணியில் பிறந்தவன், ஒருவன் ஐப்பசியில்,
மற்றவன் ஜனவரி ஒன்றில்.
பத்திரம் கையில் இல்லாத பிள்ளைகளெல்லாம்
எங்கள் கணினிகளில் பிறக்கிற நாள் அது.
தாயின் பெயர் மட்டும் மூன்றிலும் பிழையில்லை.
அடையாள அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஒருவனுக்குக் கால் மட்டும்.
ஒருவனுக்கு நாக்கு மட்டும்.
ஒருவன் வெறும் பாதம்:
இடது பதினேழு, வலது பதினாறரை.
இரண்டு வருசமாய் அதே அளவில்
யாழ்ப்பாணத்தில் வளராமல் இருக்கிறான்.

இத்தனை நாளும் அவள்
மூன்று பிள்ளைகளைத் தூக்கித் திரிந்திருக்கிறாள்.

இணைக்கவா? என்று கேட்டது செயலி.
பிறகு பிரிக்க முடியாது என்று சிவப்பில் சொன்னது.
பெருவிரல் கொஞ்சம் நின்றது.
பெயர் பதிய வந்தவர்களை நிறையக் கண்ட ஊர் இது.
பட்டியல் என்றால் சனம் படலையைத் திறக்காது.
முதல்நாள் என்னிடமும் தவரூபி
"இங்க சின்னப்பிள்ளையள் இல்லை" என்றாள்.
உள்ளேயிருந்து அவன் சிரித்துக்
காட்டிக்கொடுத்துவிட்டான்.

அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது.
குளத்தில் ஒரு நீர்க்காகம் முங்கி
எங்கேயோ எழும்பியது.

பின்னேரம் திரும்பவும் ஏறியபோது
ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு பேர்
ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.
வவுனியா: இவர் நிமிர்ந்து இருந்தால்தான்
சத்தத்துக்கு மூச்சுக் காணும். கதிரை முதல்.
மாங்குளம்: இவர் பேசப் பழகுகிறார் என்றே
எனக்குத் தெரியாது.
சப்பாத்துக்காரர் ஒன்றும் எழுதவில்லை,
பழைய அளவை மட்டும் அழித்திருந்தார்.
அதற்குக் கீழே ஒரு திகதி:
வருகிற செவ்வாய், மூவரும் மாங்குளத்தில்.

இணைத்த பிறகும் நிறை இருபத்தொன்றுதான்.
அதை ஒரு தரம் ஏற்றினால் போதும், செவ்வாயன்று,
பஸ் வந்தால்.

அந்த பஸ்ஸின் முதல் படி
அவளுடைய முழங்காலுக்கு மேலே நிற்கும்.
உயரம் எவ்வளவென்று எந்தக் கோவையிலும் இல்லை.
நாளைக்கு அளவுநாடா கொண்டுபோகிறேன்.
'மற்றவை' என்ற பெட்டியில்
அறுபது எழுத்துக்கு இடம் கிடக்கிறது.